பாம்பு விசாரிக்கப் போனது

ஏனுங்க, உங்க போன்ல பாம்புப் படம் ஓடிட்டு இருந்துச்சு. நான் எட்டிப் பாக்கலீங்க. பக்கத்து சீட்டு, கண்ணுல பட்டுது, அவ்வளவுதான். வாங்கற ரோசனைங்களா? முதல் பாம்பா? சொல்ல வேண்டாமுங்க, படத்தை நிறுத்தி நிறுத்திப் பாத்தீங்கல்ல, அதுலயே தெரியுது.

அப்ப ஒண்ணு சொல்றனுங்க, கேட்டுக்குங்க. பாம்பை மட்டும் பாக்காதீங்க. விக்கறவன் யாருன்னு பாருங்க. உங்களை வாங்கச் சொன்னது யாருன்னு அதைவிட நல்லாப் பாருங்க. ஏன் சொல்றன்னா, எனக்குப் பாம்பு வித்தவனுக்கும் என்ற பொண்ணுக்கும் இன்னைக்கு நிச்சயதார்த்தம். கிணத்துக்கடவு கோயில் மண்டபத்துல, பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ள. இப்ப மணி ஒம்பதே முக்கால். அங்க எறங்கறதா, இல்ல இப்படியே கோயமுத்தூர் போயி ஒரு காப்பி குடிச்சுட்டுத் திரும்பறதான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. டிக்கெட் கோயமுத்தூருக்கு எடுத்திருக்கேன். கோயமுத்தூருக்கு எடுத்தா நடுவுல எறங்கிக்கலாம். கிணத்துக்கடவுக்கு எடுத்துட்டு மேல போக முடியாது பாருங்க.

நான் போகலைன்னா ஒண்ணும் நின்னு போகாது. என்ற மச்சினன் வந்திருக்கான். பொண்ணுக்குத் தாய்மாமன். என்ற எடத்துல நின்னு அவன் தட்டு மாத்திடுவான். அவனுக்கு அதுல ஒரு ஆசையே இருக்குதுங்க.

நான் உடுமலையில பத்திரம் எழுதறவன். முப்பத்தாறு வருசம் எழுதிட்டு இப்பத்தான் நிறுத்தினேன். பத்திரம் எழுதறவனுக்கு முதல் வேலை சந்தேகப்படறது. மூலப்பத்திரம் எங்க, வில்லங்கம் இருக்குதா, கையெழுத்துப் போட்டதாச் சொல்ற ஆளு அன்னைக்கு உசுரோட இருந்தானா, எல்லாம் பாக்கோணும். பாக்காம எழுதினா நாளைக்கு ஒரு குடும்பம் தெருவுல நிக்கும். அதனால எங்க ஒறம்பரையில யாரு வீட்டுல மாப்பிள்ளை பாத்தாலும் விசாரிக்க என்னைத்தான் அனுப்புவாங்க. சொல்லாம கொள்ளாம போவேன். பையன் வீட்டுத் தெருமுக்குல டீ குடிப்பேன். சலூன்ல உக்காந்து பேப்பர் படிப்பேன். துணி தேய்க்கறவர்கிட்டப் பேச்சுக் குடுப்பேன். துணி தேய்க்கறவருக்குத் தெரியாத சங்கதி ஒரு வீட்டுல இருக்காதுங்க.

என்ற பொண்ணு கோகிலவாணி. வாணின்னு கூப்பிடுவோம். முப்பத்திமூணு ஆச்சு. மில்லுல நூல் சோதிக்கற லேப்ல வேலை. அவ அம்மா போயி ஒம்பது வருசம். அவளுக்கு வந்தது பதினோரு வரன். பதினொண்ணையும் நானே விசாரிச்சேன். ஒருத்தன் போன் வந்தா எந்திரிச்சு வெளிய போயிப் பேசினான். ஒருத்தன் வீட்டுல மூணு நாளுக் காலண்டர் கிழிக்காமத் தொங்குது. ஒருத்தனைப் பத்திக் கேட்டா தெருவே ஒரே மாதிரி நல்லவன்னு சொல்லுது, சொல்லி வெச்ச மாதிரி. எப்படிங்க குடுக்கறது?

நாலாவது பையன் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி ஆயிடுச்சு. குடிப்பான்னு சொன்னாங்க, வேண்டாம்னுட்டேன். ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அதே பேர்ல அடுத்த தெருவுல ஒருத்தன் இருந்திருக்கான். நான் அந்தத் தெருவுல விசாரிச்சுட்டு வந்திருக்கேன். தெரிஞ்சப்ப அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு கொழந்தையும் ஆச்சு. வாணிகிட்டச் சொல்லல. சொல்லி என்ன ஆகப் போகுது? உங்ககிட்ட ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலீங்க. விடுங்க.

போன வைகாசியில ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுட்டே கேட்டா. "அப்பா, ஒரு பாம்பு வளக்கலாமுங்களா?"

நாய் வேண்டாமாம், பூனை வேண்டாமாம், கிளி வேண்டாமாம். பாம்பு. எந்த அப்பனுக்குங்க சந்தேகம் வராது? ஜோசியக்காரன் எவனாவது தோசம் கழிக்கச் சொன்னானான்னு கேட்டேன். இல்லீங்கன்னா. மில்லுல யாராவது விக்கறாங்களான்னு கேட்டேன். இல்லீங்கன்னா. அப்புறம் எதுக்குன்னேன். புடிச்சிருக்குன்னா. புடிச்சிருக்குன்னு ஒருத்தர் சொன்னாலே எனக்குப் பயமுங்க. என்ன காரணம்னு எழுதிக் காட்ட முடியாத எதையும் நான் நம்பறதில்ல.

ஆனா வேண்டாம்னும் சொல்லல. பதினோரு தடவை வேண்டாம்னு சொன்ன அப்பன் பாருங்க. பாம்புக்குமா வேண்டாம்னு சொல்றது? நான் விசாரிச்சுச் சொல்றேன்னேன். சரீங்கன்னா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. ரசம் ஊத்தறப்பக் குனிஞ்சிருந்தா, சரியாப் பாக்கல.

ஒரே ஒரு விலாசம் குடுத்தா. கிணத்துக்கடவு, பூபதின்னு பேரு. ஏன் ஒண்ணே ஒண்ணு குடுக்கறான்னு நானே இன்னும் ரெண்டு எடம் கண்டுபுடிச்சேன். முதல் கடை கோயமுத்தூர்ல. கண்ணாடிப் பெட்டியில பென்சில் தண்டி குட்டிங்க, செவப்பும் ஆரஞ்சுமா. எது எடுத்தாலும் ஒண்ணும் பண்ணாது சார், யாரு வேணா வளக்கலாம்னான். எதுவும் யாருக்கும் ஒத்து வரும்னு சொல்றவன்கிட்ட ஒண்ணும் வாங்கப்படாதுங்க. ரெண்டாவது ஆளு இன்னும் மோசம். காதுகிட்ட வந்து, கம்மி வெலையில நம்மூர்ச் சாரை புடிச்சுத் தரட்டுமான்னான். நம்மூர்ப் பாம்பு எதையும் வீட்டுல வெக்கறது சட்டப்படி தப்புங்க. உங்ககிட்டயும் எவனாவது அப்படிச் சொன்னா அந்த எடத்துல நிக்காதீங்க.

அப்புறம்தான் பூபதி. முதல்ல அவன்கிட்டப் போகல. பஸ் ஸ்டாண்டு டீக்கடை, சலூன், பால் சொசைட்டி, மூணு எடத்துலயும் விசாரிச்சேன். வீட்டுக்குள்ள பாம்பு பூந்துட்டா நடுராத்திரியில கூப்பிட்டாலும் வருவான், காசு வாங்க மாட்டான்னாங்க. காசு வாங்காதவன் எதை எதிர்பாக்கறான்னு எனக்கு யோசனை. துணி தேய்க்கறவர்கிட்டப் போனேன். அம்மாவும் பையனும்தான், பையன் அவன் துணியை அவனே தேய்ச்சுக்குவான்னாரு. எனக்கு ஒரே ஏமாத்தம்.

வீட்டுக்குப் பின்னாடி ஓடு போட்ட நீளமான ரூம். ரெண்டு பக்கமும் பெட்டி. ஒவ்வொரு பெட்டி மேலயும் ஒரு காகிதம். பொறந்த தேதி, தாய் எது, தகப்பன் எது, எந்தெந்தத் தேதியில எலி தின்னுச்சு, எப்பச் சட்டை உரிச்சுது, எடை எவ்வளவு. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. முப்பத்தாறு வருசத்துல அவ்வளவு சுத்தமா ஒரு மூலப்பத்திரம் நான் பாத்ததில்ல.

அவன் விக்கவே அவசரப்படலீங்க. எதிர்க்கேள்வி கேட்டான். யாரு பாத்துக்கப் போறது, பகல்ல வீட்டுல யாரு இருப்பா, கை நடுங்குமா, கரண்டு போனா கவனிக்க ஆளு இருக்குதா. பாம்பு கேக்கறது என்ற பொண்ணுப்பா, என்னை எதுக்கு இத்தனை கேக்கறேன்னேன். வீட்டுல இருக்கறவரு நீங்கதானுங்களே சார்னான். அதுவும் சரின்னு பட்டுது.

முதல் பாம்புக்கு அவன் சொன்னது இதுதான். குட்டியா எடுக்காதீங்க, அது திங்காமக் கெடந்தா புதுசா வளக்கறவங்க பயந்து போயி அதையும் பயமுறுத்துவாங்க. ஒரு வருசம் தாண்டினதா எடுங்க. கலரைப் பாக்காதீங்க. காட்டுல புடிச்சது வேண்டவே வேண்டாம், பெட்டியில பொறந்ததா இருக்கோணும். மூச்சு விடறப்பச் சத்தம் வருதா, கண்ணோரத்துல பேனு இருக்குதான்னு பாருங்க. கையில எடுத்து வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. கடைசியா, அது சாப்பிடறதை உங்க கண்ணால பாக்காம வாங்காதீங்க. யாரு சொன்னாலும் நம்பாதீங்க, நான் சொன்னாலும்னான்.

யாரு சொன்னாலும் நம்பாதீங்கன்னு என்கிட்ட ஒருத்தன் சொல்றான். எனக்கு அவனை உடனே புடிச்சுப் போச்சு.

அவன் காட்டுனது ஆப்பிரிக்காச் சாதி மலைப்பாம்பு. மலைப்பாம்புன்னதும் பயப்படாதீங்க, ரொம்ப நீண்டாலும் நாலஞ்சு அடிதான். பயந்தா கடிக்காது, தலையை நடுவுல வெச்சு உருண்டையாச் சுருண்டுக்கும். காபிக்கொட்டை நெறத்துல, அங்கங்க சந்தனம் கலந்த மாதிரி. இருபத்தஞ்சு வருசம், முப்பது வருசம்கூட இருக்கும்னான். அது ஆணுங்க. கையில வாங்கினப்பச் சுருண்டுக்கிச்சு. அரை மணி நேரம் கழிச்சுத் தலையை நீட்டி என்ற வாட்ச்சைப் பாத்துச்சு.

அது ஒரு தடவை சாப்பிட்டாப் பத்தாது, நான் தொடர்ச்சியா மூணு தடவை பாக்கோணும்னேன். பாருங்கன்னான். சனிக்கிழமை சனிக்கிழமை எலி குடுப்பான். ஐஸ்பெட்டியில வெச்சு எடுத்த செத்த எலிதான், வெந்நீர்ல சூடு பண்ணி இடுக்கியில குடுக்கறது. முதல் சனிக்கிழமை அது திங்கல. ரெண்டாவது, மூணாவதும் திங்கல. சட்டை உரிக்கப் போகுது சார், அப்படித்தான் இருக்கும்னான். நான் விடல. வெள்ளிக்கிழமையே வேற பாம்புக்குக் குடுக்கற எலியை இதுக்குக் குடுத்து வயித்தை ரொப்பிட்டு, எனக்கு விக்க மனசில்லாம நாடகம் ஆடறானோன்னு, சொல்லாம ஒரு வெள்ளிக்கிழமை போயி நின்னேன். அவன் ரூமைக் கழுவிட்டு இருந்தான். வாங்க சார், காகிதத்தைப் பாருங்கன்னான். எழுதினது எழுதின மாதிரி இருந்துச்சு.

மொத்தம் ஒம்பது சனிக்கிழமைங்க. முதல் சனிக்கிழமை அவங்க அம்மா தங்கமணியம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க, தண்ணி மட்டும் குடிச்சேன். ரெண்டாவது வாரம் மோர். மூணாவது வாரம் அந்தம்மா வாசல் நெலவுகிட்ட நின்னுட்டு, "அதும் திங்க மாட்டேங்குது, நீங்களும் திங்க மாட்டேங்கறீங்க, நான் யாருக்குன்னுங்க கவலைப்படறது"ன்னாங்க. அரிசிம்பருப்பு சாதம், நெய் ஊத்தி, கட்டித் தயிரு. உக்காந்தேன். அப்புறம் ஒரு வாரம் பச்சைப்புளி ரசம், ஒரு வாரம் கொள்ளுப் பருப்பு. பூபதி என்ற எலையில கத்தரிக்காயைப் பாத்து எடுத்து அக்கட்டால ஒதுக்கி வெப்பான், எனக்கு ஆகாதுன்னு நான் ஒரு தடவைதான் சொல்லியிருப்பேன். வீட்டுல நான் தனியாத்தானுங்க சாப்பிடறது. வாணிக்கு ஷிப்ட்டு.

அஞ்சாவது வாரம் அது எலியைப் புடிச்சுது. நான் கை தட்டிட்டேன், பூபதி சத்தம் போடாதீங்க சார்னான். மூணு தடவை சாப்பிட்டு முடிச்ச பொறகும் நான் ரெண்டு வாரம் போனேன். ஒரு பாதுகாப்புக்குத்தான். கடைசியில ஆவணியில எடுத்துட்டு வந்தோம். வெளிநாட்டுச் சாதின்னா சர்க்காருக்கு ஆன்லைன்ல பதியோணும், அதையும் அவனே பண்ணிக் குடுத்தான். அந்தக் காகிதத்தை நாலு தடவை படிச்சேன். வளக்கறவர் பேருன்னு என்ற பேரு இருந்துச்சு. வீடு என்ற பேர்ல இருக்கறதுனாலன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் பாருங்க, என்ற கையாலயே நான் கெட்டேன். ஒறம்பரைங்க வாட்ஸப் குரூப்புல யாரோ கேலி பண்ணினாங்க, பெரியப்பா பாம்பு வாங்கிட்டாராமேன்னு. எனக்கு ரோசம் வந்து எழுதினேன். ஆளைப் பாத்துத்தான் வாங்கினேன், பூபதி மாதிரி நேர்மையான பையனை நான் பாத்ததில்ல, வீட்டுச் சாவியை அவன்கிட்டக் குடுத்துட்டுக் காசிக்குப் போகலாம்னு எழுதினேன். தேதி, நேரத்தோட அங்க இருக்குதுங்க. அழிக்கவும் முடியல. நாப்பது பேரு படிச்சாச்சு.

தீவாளி முடிஞ்சு நாலாம் நாள் வாணி வந்து முன்னாடி உக்காந்தா. பூபதியைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்னா. மில்லுப் பஞ்சுக் குடோன்ல பாம்பு வந்தப்பப் புடிக்க வந்தானாம், அப்ப இருந்து பழக்கமாம். நாலு வருசம். நாலு வருசமா ஒரு வில்லங்கம் என்ற வீட்டுக்குள்ளயே ஓடியிருக்குது, எனக்குத் தெரியல. நான் விசாரிக்கோணும்னேன்.

"ஒம்பது சனிக்கிழமை விசாரிச்சீங்களேப்பா. ஒரு குறை சொல்லுங்க."

யோசிச்சேன். ஒண்ணும் வரல. ஒரு குறையும் இல்லாத ஆளு எங்கயாவது இருப்பானா, அதுவே சந்தேகமா இருக்குதுன்னேன். அவ போனை எடுத்து நான் எழுதினதைக் காட்டினா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "நீங்க அந்த வீட்டுல கை நனைச்சாச்சுங்கப்பா."

உங்களுக்கு வெளங்குதுங்களா? எங்க பக்கத்துல சம்பந்தம் பேசப் போற வீட்டுல, பேச்சு முடியற வரைக்கும் சாப்பிடப்படாது. கை நனைச்சா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். பதினோரு வீட்டுல நான் காப்பிகூடத் தொட்டதில்ல. இந்த வீட்டுல ஏழு சனிக்கிழமை வயிறு முட்டத் தின்னிருக்கேன், ரெண்டு வாரம் தூக்குப் போசியில வாங்கிட்டும் வந்திருக்கேன். நான் பாம்பு வாங்கப் போனவனாச் சாப்பிட்டேன், பொண்ணுக் குடுக்கப் போனவனாச் சாப்பிடலன்னு சொன்னேன். நான் சொன்னது நியாயந்தானுங்க? எந்தப் பஞ்சாயத்துலயும் அது நிக்கும். ஆனா சொல்றப்பவே எனக்கு அந்த அரிசிம்பருப்பு ஞாபகம் வந்துடுச்சு.

அன்னையில இருந்து நான் சரியாப் பேசல. பொறி வெச்சுப் புடிச்சுட்டாங்கன்னு கோவம். பாம்பைக் காட்டி அப்பனை இழுத்துட்டுப் போயிருக்காங்க. யாரு போட்ட திட்டம், இவளா, அவனா, நெய் ஊத்தின அந்தம்மாவான்னு இன்னும் எனக்குத் தெரியாது. நிச்சயத்தை என்ற வீட்டுல வெக்க முடியாதுன்னுட்டேன். அதனாலதான் கோயில் மண்டபம்.

இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு வேன் வந்துச்சு. எல்லாம் ஏறியாச்சு. வாணி பட்டுச் சேலையோட திரும்பி உள்ள வந்தா. நான் பாம்புப் பெட்டி முன்னாடி உக்காந்திருந்தேன். அவளைப் பாக்காமயே கேட்டேன், கல்யாணம் ஆச்சுன்னா நீ இதை எப்ப எடுத்துட்டுப் போவேன்னு. வேலை முடிஞ்சுதில்ல, இனி எதுக்கு இங்கன்னேன். குத்தலாத்தான் கேட்டேன்.

"அது உங்களுதுங்கப்பா. உங்களுக்குன்னு சொல்லித்தான் அவர்கிட்டப் பாக்கச் சொன்னேன்."

எனக்கு ஒண்ணும் புரியல. நீதானே கேட்டேன்னேன்.

"நான் போனதுக்கப்புறம் நீங்க யாரைப்பா சந்தேகப்படுவீங்க? தெனம் யாரு எங்க போனா, எப்ப வந்தா, சாப்பிட்டாளான்னு பாத்தே பழகிட்டீங்க. நாய் வாங்கினா அதுவா வந்து மேல விழும், உங்களுக்கு ரெண்டு நாள்ல சலிச்சுப் போகும். இது ஒளிஞ்சுக்கும். திங்குதா இல்லையான்னு பாக்கோணும். பெட்டி பூட்டியிருக்குதான்னு பாக்கோணும். எழுதி வெக்கோணும். நீங்க நல்லாப் பாத்துக்குவீங்கப்பா."

சொல்லிட்டு அவ என்ற வேட்டியில ஒட்டியிருந்த தூசியத் தட்டி விட்டுட்டுப் போயி வேன்ல ஏறிட்டா. நான் வாசலுக்குக்கூடப் போகல.

அழுதனுங்க. சொல்றதுக்கு என்ன. அறுபத்திமூணு வயசுல ஒரு பாம்புப் பெட்டி முன்னாடி உக்காந்து அழுதேன். முப்பத்திமூணு வருசமா நான் அவளைக் காவல் காத்துட்டு இருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அவ என்னைப் பாத்துட்டு இருந்திருக்கா. அப்புறம் எந்திரிச்சுக் குளிச்சேன். பெட்டிப் பூட்டை இழுத்துப் பாத்தேன். வீட்டைப் பூட்டினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு, பெட்டியப் பூட்டினமான்னு சந்தேகம் வந்து திரும்பிப் போயிப் பாத்தேன். ஏழு மணி பஸ்ஸை அதுலதான் விட்டேன்.

இப்ப எந்த ஊருங்க இது? கோவில்பாளையம் தாண்டியாச்சா?

சித்த இருங்க, போன் அடிக்குது. பூபதிதான். எப்பவும் சார்னுதான் கூப்பிடுவான்.

ஆ, சொல்லுப்பா... கேக்குது, சொல்லு... பஸ்லதான் வந்துட்டு இருக்கேன்... மச்சினன் ஏன் தட்டைக் கையில எடுத்துட்டான்? கீழ வெக்கச் சொல்லு... யாரு? வாணியா? உக்காரச் சொல்லு, நான் வராம எங்க போயிடும் நேரம்... இல்ல, அழ வேண்டாம்னு சொல்லு. இன்னும் அஞ்சு நிமிசம்தான். பஸ் ஸ்டாண்டுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம், நான் நடந்தே வந்துடறேன் மாப்பிள்ளை.

வெச்சுட்டான்.

மாமான்னு கூப்பிட்டானுங்க. நானும் என்னமோ சொல்லிட்டேன் பாருங்க. நீங்க கேட்டீங்கல்ல? இனி இல்லைன்னு சொல்ல முடியாது, சாட்சி ஆயிடுச்சு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க, நான் எறங்கோணும்.